டீ டப்பாவுக்கு எந்தக் கோடு? வீட்டு டப்பா, ஜாடி, ரேக் இறக்குமதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் கிஃப்ட் கடையோ ஹோம்ஸ்டேயோ நடத்துபவர்கள் வெளிநாட்டிலிருந்து டப்பா, கூடை, ஜாடி வரவழைக்க நினைத்தால் சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துத் தரும் கிளியரிங் ஏஜென்டிடம் முதலில் கேட்பது, "ஸ்டோரேஜ் ஐட்டத்துக்கு எவ்வளவு டூட்டி?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. 1975-ஆம் ஆண்டு சுங்கத் தீர்வைச் சட்டத்தின் அட்டவணையில் 'ஸ்டோரேஜ்' என்று ஒரு தலைப்பே இல்லை. பொருள் எதனால் ஆனது, எந்த வேலைக்காகச் செய்யப்பட்டது என்று பார்த்துத்தான் கஸ்டம்ஸ் அதன் கோடை, அதாவது டூட்டியைத் தீர்மானிக்கும் எண்ணை (code), முடிவு செய்யும். கடையில் எந்த அலமாரியில் அடுக்குகிறோம் என்பது அவர்களுக்குத் தேவையில்லாத விஷயம்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு இந்த மாவட்டத்தில் தடை இருப்பதால், பிளாஸ்டிக்கே வேண்டாம் என்று தகரம், கண்ணாடி, மூங்கில் பக்கம் போகிறவர்கள் உண்டு. நல்லதுதான். ஆனால் போன தடவை பிளாஸ்டிக் டப்பாவுக்குப் போட்ட கோடையே இந்தத் தடவை தகர டப்பாவுக்கும் போட்டால் சிக்கல். வீட்டு உபயோகப் பிளாஸ்டிக் சாமான் 3924, இரும்பு, எஃகு சாமான் 7323, மேஜை, சமையலறைக் கண்ணாடிச் சாமான் 7013. மூங்கிலில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். முடைந்த கூடை 4602-க்குப் போகும். முடையாமல் மூங்கில் பலகையை ஒட்டிச் செய்த ரொட்டிப் பெட்டி, மரச் சமையல் சாமான்களோடு 4419-க்குப் போகும். இரண்டும் ஒரே மூங்கில், ஒரே சப்ளையர், ஒரே இன்வாய்ஸ். கோடு மட்டும் வேறு வேறு.

இங்கே அதிகம் குழப்புவது டீ டப்பா. தேயிலை ஊர் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம். மூடி போட்ட, பூ அச்சடித்த ஒரு தகர டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் காலியாக வரவழைத்து, சமையலறையில் டீத்தூள் போட்டு வைக்க என்று விற்றால் அது வீட்டுச் சாமான், 7323. குன்னூரில் டீ பேக்கிங் செய்பவர் தன் கம்பெனிப் பெயர் அச்சடித்த டப்பாவை, தூள் நிரப்பிச் சந்தைக்கு அனுப்புவதற்காக வரவழைத்தால் அது சரக்கு அடைக்கும் கொள்கலன். 300 லிட்டருக்கு மேற்படாத இரும்பு டப்பா, டின்களுக்கான 7310. வெளிநாட்டுத் தேயிலையே அந்த டப்பாவில் அடைத்து வந்தால், வழக்கமான பேக்கிங் என்ற முறையில் டப்பாவும் தேயிலையோடு சேர்ந்து தேயிலைக்கான 0902-க்குப் போய்விடும். அப்படியென்றால் எந்த டப்பாவில் தேயிலை போட்டு அனுப்பினாலும் தேயிலைதானா? அதுவும் இல்லை. உலகச் சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்பில், கோடு போடுவதற்கான பொது விதிகளில் பேக்கிங் பற்றிய 5-ஆம் விதிக்கு விலக்காகக் காட்டியிருப்பதே தேயிலை போட்ட வெள்ளி டப்பாவைத்தான். அங்கே மதிப்பெல்லாம் டப்பாவில் இருக்கிறது. அதைத் தேயிலைக் கணக்கில் எழுத முடியாது. மலையில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிக்கும்போது, நமக்காகவே எழுதி வைத்தார்களோ என்று தோன்றும்.

பிளாஸ்டிக்கிலும் கண்ணாடியிலும் இதே வேறுபாடுதான். வீட்டில் மாவு கொட்டி வைக்கும் டப்பா 3924. தோட்டத்திலிருந்து காய்கறி ஏற்றும் கிரேட் 3923. ஜாம், தேன் நிரப்பி விற்க வாங்கும் பாட்டில் 7010. சமையலறை மேடையில் அழகாக நிற்கும் மூடி போட்ட ஜாடி 7013.

ஃபிளாஸ்க் விஷயத்தில் உலோகத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள். எஃகுதானே என்று 7323 போடுவது தவறு. நடுவே வெற்றிடம் உள்ள ஃபிளாஸ்க்குக்குத் தனியாகவே 9617 இருக்கிறது. ஒற்றைச் சுவர் எஃகு பாட்டில் மட்டும்தான் 7323. கோடு சரியாகப் போட்டாலும் வேலை முடியாது. அந்தப் பொருளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) முத்திரையைக் கட்டாயமாக்கும் தரக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறதா என்பதையும் ஆர்டர் கொடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். சரக்கு துறைமுகத்தில் இறங்கிய பிறகு ஐஎஸ்ஐ முத்திரை தேடுவது வீண் அலைச்சல்.

ரேக், அலமாரிக்கு வருவோம். சுங்கத் தீர்வை அட்டவணையின் 94-ஆம் அத்தியாயத்தின் குறிப்பு 2 சொல்வது இது: தரையில் வைப்பதற்காகச் செய்ததுதான் ஃபர்னிச்சர். ஆனால் கப்போர்டு, புத்தக அலமாரி, தாங்கியோடு வரும் ஒற்றைச் சுவர்த் தட்டு ஆகியவற்றைச் சுவரில் மாட்டினாலும் ஃபர்னிச்சர்தான், 9403. மேடைமேல் வைக்கும் சின்னக் கம்பி மசாலா ஸ்டாண்டு அதில் சேராது, அது 7323. காட் ரோட்டில் லாரி வாடகையை மிச்சப்படுத்த அலமாரியைப் பிரித்துப் பலகை பலகையாகக் கொண்டு வருவார்கள். அதைப் பலகை என்றே எழுதிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதே பொது விதிகளில் 2(அ)-வின்படி பிரித்து வந்த முழு அலமாரியும் அலமாரியேதான்.

செட் என்ற பெயரிலும் விளையாட முடியாது. மூங்கில் தட்டு, கண்ணாடி ஜாடி, எஃகுக் கரண்டி மூன்றையும் ஒரே வேலைக்காகச் சேர்த்து, பிரிக்காமல் அப்படியே விற்கும்படி ஒரே பெட்டியில் அடைத்திருந்தால்தான் விதி 3(ஆ) பொருந்தும். அப்போது எந்தப் பொருள் அதன் முக்கியத் தன்மையைத் தருகிறதோ அதன் கோடு. தனித்தனி அட்டைப் பெட்டியில் வந்ததைக் கடையில் சேர்த்துக் கட்டினால் அது கஸ்டம்ஸுக்கு செட் ஆகாது.

எல்லாவற்றையும்விட மோசமான பழக்கம், சப்ளையர் இன்வாய்ஸில் போட்ட கோடை அப்படியே பில் ஆஃப் என்ட்ரியில், அதாவது சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதி விவரப் படிவத்தில், ஏற்றுவது. முதல் 6 இலக்கம்தான் உலகப் பொது. இந்தியாவின் கடைசி 2 இலக்கம் நம்முடையது. அந்த 6 இலக்கத்தையும் சப்ளையர் தன் நாட்டில் ஏற்றுமதிக்குத் திரும்பக் கிடைக்கும் வரியை மனதில் வைத்துப் போட்டிருக்கலாம். இங்கே 2011 முதல் சுய மதிப்பீடு, அதாவது டூட்டியை இறக்குமதியாளரே கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். கோடு தவறினால் பொறுப்பு இறக்குமதியாளருடையது. குறைத்துக் கட்டிய டூட்டியை 2 ஆண்டு வரை கேட்டு நோட்டீஸ் வரலாம். வேண்டுமென்றே மறைத்தது என்றால் 5 ஆண்டு. வட்டி தனி.

கணக்கிலும் ஒரு சறுக்கல் உண்டு. 1 லட்ச ரூபாய் சரக்கு, அடிப்படை டூட்டி 10 சதவீதம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். டூட்டி 10,000, அதன்மேல் 10 சதவீத சமூக நலக் கூடுதல் வரி 1,000, இறக்குமதிக்கான ஜிஎஸ்டி (ஐஜிஎஸ்டி) இந்த 1,11,000-க்கு. 18 சதவீதம் என்றால் 19,980. ஜிஎஸ்டி பதிவு உள்ளவருக்கு இந்தக் கடைசித் தொகை வரவாகத் திரும்பும். முதல் இரண்டும் திரும்பாது. ஆகவே கோடு மாறி அடிப்படை டூட்டி ஏறினால் அது நேராக விற்பனை விலையில்தான் விழும்.

இன்வாய்ஸில் 'ஸ்டோரேஜ் பாக்ஸ்' என்று இரண்டு சொல்லோடு நிறுத்தவிடாதீர்கள். 'பூ அச்சடித்த தகர டப்பா, மூடியுடன், இத்தனை லிட்டர், வீட்டு உபயோகத்துக்கு, காலியாக' என்று பொருள், கொள்ளளவு, உபயோகம் மூன்றும் வரட்டும். கேட்டலாக் பக்கமும் ஒரு சாம்பிளும் ஏஜென்டிடம் இருந்தால் அசெஸ்மென்டில் கேள்வி வரும்போது பேச வசதி. பெரிய ஆர்டர், இரண்டு தலைப்பில் எது என்று தெரியவில்லை என்றால், மும்பையிலும் டெல்லியிலும் உள்ள சுங்க முன்தீர்ப்பு ஆணையத்திடம் சரக்கு கிளம்பும் முன்பே கேட்கலாம். 3 மாதத்துக்குள் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்பது சட்டம். சட்டமோ விவரமோ மாறாதவரை, சட்டத்தில் சொன்ன காலம் வரை அது செல்லும். கேட்டவர் விஷயத்தில் மட்டும்தான் அது செல்லும், பக்கத்துக் கடைக்காரர் வாங்கிய தீர்ப்பைக் காட்டி நீங்கள் சரக்கு எடுக்க முடியாது.