நானோ இன்டென்டேஷன்: ஆழம் தப்பினால் கடினத்தன்மையும் தப்பும்

நானோ இன்டென்டேஷன் என்பது நுண்ணிய கூர்முனையை மாதிரியில் அழுத்திப் பதித்துக் கடினத்தன்மையை அளப்பது. இதில் பதிந்த தடத்தை நுண்ணோக்கியில் அளப்பதில்லை. முனை இறங்கிய ஆழத்திலிருந்து தொடுபரப்பைக் கணக்கிட்டு, உச்சச் சுமையை அதால் வகுக்கிறோம். பெர்கோவிச் முனை (மூன்று பக்கப் பிரமிடு வடிவ முனை) என்றால் பரப்பு ஏறத்தாழ 24.5 × தொடு ஆழத்தின் (முனை மாதிரியைத் தொட்டிருக்கும் ஆழத்தின்) வர்க்கம். ஆழத்தில் 5% பிழை புகுந்தால் கடினத்தன்மையில் 10% பிழை. அதனால் ஆழத்தைக் கெடுப்பவற்றை ஒவ்வொன்றாகக் களைவதே வேலை.

மாதிரியின் கடைசி மெருகைக் கொலாய்டல் சிலிக்காவில் (நுண்ணிய சிலிக்காத் துகள்கள் கலந்த திரவத்தில்) போடுங்கள். மேற்பரப்பின் சராசரிச் சொரசொரப்பு, பதிக்கப்போகும் ஆழத்தில் 5%-க்குள் அடங்க வேண்டும். 200 நானோமீட்டர் ஆழத்துக்கு 10 நானோமீட்டர். மாதிரியை மிக மெல்லிய சூப்பர் குளூ படலத்தில் ஒட்டுங்கள். இருபக்க டேப் வேண்டவே வேண்டாம்: டேப் அமுங்குவதும் ஆழமாகவே பதிவாகும்.

அடுத்து, மதிப்புகள் முன்பே தெரிந்த ஃபியூஸ்டு சிலிக்கா என்ற கண்ணாடியில் கருவியைச் சோதியுங்கள். 10 மில்லிநியூட்டன் சுமை. ஏற்ற, நிறுத்த, இறக்கத் தலா 10 நொடி. முனை சுமார் 300 நானோமீட்டர் இறங்கி, கடினத்தன்மை 9.25 கிகாபாஸ்கலையும் குறைவுற்ற மாடுலஸ் (மாதிரி, முனை இரண்டின் நெகிழ்வையும் சேர்த்த விறைப்பு) 69.6 கிகாபாஸ்கலையும் ஒட்டி வர வேண்டும். ஆழமற்ற பதிவுகளில் மட்டும் கடினத்தன்மை கூடிக் காட்டினால் முனை மழுங்கியிருக்கலாம்: உண்மைப் பரப்பு பெருகிவிட்டது, மென்பொருளோ பழைய பரப்பாலேயே வகுக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் முனையைத் துடையுங்கள். அப்படியும் மாறாவிட்டால், பல ஆழங்களில் பதித்துப் பரப்புச் சார்பை (ஆழத்திலிருந்து பரப்பைத் தரும் சூத்திரத்தை) புதிதாகப் பொருத்துங்கள்.

வெப்பநிலை அலைவை அலட்சியம் செய்யாதீர்கள்: அதனால் கருவியும் மாதிரியும் விரிந்து சுருங்கி, ஆழ அளவீடு நகரும். நொடிக்கு 0.1 நானோமீட்டர் நகர்வு 40 நொடியில் 4 நானோமீட்டர். 300 நானோமீட்டர் ஆழத்தில் அது பெரிதில்லை. 40 நானோமீட்டர் ஆழத்தில் அது பத்திலொரு பங்கு, கடினத்தன்மையில் ஏறக்குறைய 20%. மாதிரியைக் கருவியின் பெட்டிக்குள் வைத்துச் சில மணி நேரம் விடுங்கள். இறக்கும்போது உச்சச் சுமையின் 10%-ல் 60 நொடி நிறுத்தி நகர்வை அளந்து திருத்துங்கள்.

சுமையை இறக்கும்போது வரும் சுமை–ஆழ வளைவின் உச்சிச் சரிவுதான், தொடு ஆழத்தைக் கண்டறிய ஆலிவரும் ஃபாரும் 1992-ல் தந்த கணக்கின் உயிர். சுமை குறையத் தொடங்கியும் ஆழம் கூடி வளைவு மூக்குப்போல் புடைத்தால், பொருள் இன்னும் ஊர்ந்துகொண்டிருக்கிறது (சுமையின் கீழ் மெல்ல உருமாறிக்கொண்டிருக்கிறது); அந்தச் சரிவைப் பயன்படுத்தாமல் உச்சியில் நிறுத்தும் நேரத்தைக் கூட்டுங்கள்.

மெல்லிய படலத்தில் பதிக்கும் ஆழம் அதன் தடிப்பின் 10%-ஐத் தாண்ட விடாதீர்கள். தாண்டினால் அடித்தளத்தையும் சேர்த்தே அளப்பீர்கள். தடங்களுக்கிடையே ஆழத்தைப்போல் 20 மடங்கு இடைவெளி விடுங்கள்.

அடித்து இறுக்கிய மென் உலோகங்களில் தடத்தின் ஓரம் கரைபோல் மேலெழும். இந்தக் கணக்குக்கு அது தெரியாது. பரப்பைக் குறைத்து, கடினத்தன்மையை மிகைப்படுத்திவிடும். அங்கே மட்டும் அணுவிசை நுண்ணோக்கியில் தடத்தைப் படமெடுத்து, பரப்பை நேரடியாக அளந்து வகுங்கள்.