டிரம்பெட்டில் நல்ல நாதம் வர: இளம் ஜாஸ் வாசிப்பாளர்களுக்கு ஒரு செய்முறை

டிரம்பெட் கைக்கு வந்து ஆறு மாதம், ஒரு வருடம் ஆனவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்கேல் தெரியும், இரண்டு மூன்று பாட்டும் தெரியும். ஆனால் வாசித்ததைப் போனில் பதிவு செய்து கேட்டால் ஒலி மெலிந்து, மூக்கால் பேசுவது போல இருக்கிறது. ஜாஸ் இசைத்தட்டுகளில் கேட்கும் அந்தக் கனிந்த நாதம் வரவில்லை. புது மவுத்பீஸ் (உதட்டில் வைத்து ஊதும் முனை) வாங்கினால் வந்துவிடும் என்று பலர் அதற்குத்தான் முதலில் ஓடுகிறார்கள். வராது. நாதம் முதலில் காதில் பிறக்க வேண்டும், அப்புறம் மூச்சில். விரலின் முறை கடைசியில்தான்.

கீழே உள்ளதை எல்லாம் செய்ய ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் போதும். ஒரே மூச்சாக உட்காராமல் 15 நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வாசித்த நேரத்துக்குச் சமமாக உதட்டுக்கு ஓய்வு கொடுங்கள்.

படி 1: மூச்சு

டிரம்பெட்டைத் தொட வேண்டாம். நிமிர்ந்து நில்லுங்கள். 'ஹோ' என்று சொல்லப்போவது போல வாயைத் திறந்து நான்கு எண்ணும் வரை காற்றை உள்ளே இழுங்கள். தோள் மேலே ஏறினால் மூச்சு நெஞ்சோடு நின்றுவிட்டது என்று அர்த்தம். வயிறும் விலாவும் விரிய வேண்டும். இழுத்த மூச்சைப் பிடித்து நிறுத்தாமல் உடனே வெளியே விடுங்கள். அப்புறம் ஒரு சின்னக் காகிதத் துண்டைச் சுவரில் வைத்து, கையை எடுத்துவிட்டு, அது விழாமல் ஊதிப் பிடித்து நிறுத்திப் பாருங்கள். காற்று ஒரே சீராகப் போகிறதா என்பதைக் காகிதமே காட்டிக்கொடுக்கும்.

படி 2: உதடும் மவுத்பீஸும்

'ம்' என்று சொல்லி உதடுகளைச் சேர்த்தால் வரும் நிலைதான் தொடக்கம். வாயின் இரு ஓரங்களும் உறுதியாக, நடுப்பகுதி தளர்வாக இருக்கட்டும். சிரிப்பது போல உதட்டை இழுத்தால் நாதம் மெலியும். கன்னம் உப்பவும் கூடாது. ஜாஸ் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி பலூன் போலக் கன்னத்தை உப்பி வாசித்தார் என்பது உண்மைதான். அவரிடம் எடுத்துக்கொள்ள வேறு நூறு விஷயம் இருக்கிறது, இதை மட்டும் விட்டுவிடுங்கள்.

மவுத்பீஸை மட்டும் வைத்து இரண்டு நிமிடம் தெரிந்த ஒரு பாட்டை ஊதுங்கள். வண்டு ரீங்காரம் போலத்தான் கேட்கும், ஆனால் சுருதி சரியாக விழ வேண்டும். பல்லுக்குக் கிளிப் போட்டிருப்பவர்கள் இன்னும் குறைவாகச் செய்யுங்கள்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, மவுத்பீஸை உதட்டில் வைத்து அழுத்துவது. நானும் செய்தேன். இரண்டாம் வருடத்தில் மேல் நோட்டுகள் மீது வந்த ஆசையில், இடது கையால் டிரம்பெட்டை முகத்தோடு சேர்த்து இழுத்து வாசித்தேன். நோட்டு வந்தது. ஆனால் இருபது நிமிடத்தில் உதடு மரத்துப் போகும், விளிம்பு பதிந்த வட்டம் அரை மணி நேரம் மறையாது. என் ஆசிரியர் ஒன்றும் திட்டவில்லை. டிரம்பெட்டை வாங்கி, என் இடது உள்ளங்கையைத் தட்டு போல விரிக்கச் சொல்லி, அதன் மேல் வைத்தார். "பிடிக்காதே. இப்படியே ஊது" என்றார். பிடிமானம் இல்லாததால் அழுத்த வழியே இல்லை. முதலில் வெறும் காற்றுதான் வந்தது. மூன்றாம் முயற்சியில் சின்னதாக, ஆனால் வட்டமாக ஒரு ஜி கேட்டது. அதுவரை என்னிடமிருந்து அப்படி ஒரு ஒலி வந்ததே இல்லை. வாரத்துக்கு இரண்டு முறையாவது இதைச் செய்து பாருங்கள். லூயி ஆம்ஸ்ட்ராங் போன்ற மேதையே உதடு புண்ணாகி, 1930களின் நடுவில் சில மாதங்கள் வாசிக்காமல் இருக்க நேர்ந்தது. உதட்டுக்கு மாற்று கிடையாது.

படி 3: நீண்ட நோட்டுகள்

பாட்டுக்காரர்களுக்கு அகார சாதகம் எப்படியோ, நமக்கு இது அப்படி. நாதம் உருவாகும் இடமே இதுதான். அவசரப்படாதீர்கள்.

மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 அடியில் வையுங்கள். கோட்டுத்தாளில் கீழிருந்து இரண்டாம் கோட்டில் வரும் ஜி-யில் தொடங்குங்கள். வால்வு எதையும் அழுத்த வேண்டாம். ஊதுவதற்கு முன் அந்த நோட்டை வாயால் பாடுங்கள். குரல் நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பாடியே ஆக வேண்டும். மனதில் கேட்காத நோட்டை உதடு தேடிக்கொண்டே இருக்கும். நான்கு எண்ணி மூச்சை இழுத்து, மென்மையான ஒலியில் எட்டு எண்ணும் வரை பிடியுங்கள். அடுத்த எட்டு எண்ணிக்கை ஓய்வு. பிறகு அரை சுரம் கீழே.

ஜி-யிலிருந்து சி வரை இறங்கும்போது அழுத்த வேண்டிய வால்வுகள் இப்படி வரும்: வெறுமனே, 2, 1, 1-2, 2-3, 1-3, 1-2-3, மறுபடி வெறுமனே. டிரம்பெட்டில் உள்ள ஏழு வால்வுச் சேர்க்கைகளும் இந்த எட்டு நோட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. 1-3-லும் 1-2-3-லும் சுருதி தானாக மேலே போகும். அது உங்கள் தவறு இல்லை, குழாயின் கணக்கு அப்படி. இடது மோதிர விரலால் மூன்றாம் வால்வின் ஸ்லைடை (நகரும் குழாய்) வெளியே தள்ளிச் சரிசெய்யுங்கள்.

ஒவ்வொரு நோட்டிலும் மூன்று இடங்களைக் கேளுங்கள். தொடக்கத்தில் வெடிப்போ இருமலோ இல்லாமல் வந்ததா? நடுவில் ஆடியதா? முடிவில் நாக்கால் வெட்டினீர்களா, மூச்சோடு அடங்கியதா? ட்யூனரை ஊதும்போது பார்க்காதீர்கள். காதால் முடிவு செய்துவிட்டு, அப்புறம் சரிபார்க்கப் பாருங்கள்.

சலிப்பாக இருந்தால் ஆம்ஸ்ட்ராங் 1928 ஜூன் 28 அன்று சிகாகோவில் பதிவு செய்த 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' கேளுங்கள். தொடக்கத்தில் அவர் தனியாக வாசிப்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். நீங்கள் கடைசிச் சுற்றுக்குப் போங்கள். ஒரே உச்ச நோட்டை ஏறக்குறைய 4 பார் (ஒரு பார் என்பது நான்கு அடி) நீளத்துக்குப் பிடித்து நிறுத்துகிறார். பின்னால் மற்ற வாத்தியங்கள் நகர்ந்துகொண்டே இருக்க, அந்த ஒரு நோட்டு நின்று ஜொலிக்கிறது. நீங்கள் வீட்டில் எட்டு எண்ணிப் பிடிப்பதும் அதே வேலைதான்.

வைப்ரேட்டோ (நோட்டை லேசாக அசைத்து அதிர விடுவது) இப்போது வேண்டாம். நேரான நோட்டு வந்த பிறகு, நோட்டின் வால்பகுதியில் மட்டும் லேசாகச் சேர்க்கலாம். ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸுக்கு, அமெரிக்காவின் ஈஸ்ட் செயிண்ட் லூயிஸில் பள்ளி நாட்களில் சொல்லிக்கொடுத்த எல்வுட் புக்கானன், வைப்ரேட்டோ இல்லாமல் நேராக வாசிக்கவே பழக்கினார். அந்தப் பாடம் மைல்ஸின் வாசிப்பில் கடைசி வரை கேட்கிறது.

படி 4: வால்வு மாற்றாமல் நோட்டு மாற்றுவது

சி-யிலிருந்து மேலே உள்ள ஜி, திரும்ப சி. வால்வை மாற்ற வேண்டாம், நாக்கால் தட்டவும் வேண்டாம். வாய்க்குள் 'ஆ' வடிவிலிருந்து 'ஈ' வடிவுக்கு மாறினாலே காற்றின் வேகம் கூடி நோட்டு ஏறும். பிறகு இதையே மேலே சொன்ன வால்வு வரிசையில் அரை அரை சுரமாக இறக்குங்கள். ஐந்து நிமிடம் போதும்.

படி 5: நாக்கு

தமிழர்களுக்கு இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. நம் 'ட' சொன்னால் நாக்கு பின்னால் மடங்குகிறது, 'த' சொன்னால் பல்லைத் தொடுகிறது. டிரம்பெட்டுக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவே, மேல்பல்லுக்குப் பின்னால் ஈறு தொடங்கும் இடம். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரை 'காற்று' என்று சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அந்த 'ற்று'வில் நாக்கு தொடும் இடமேதான்.

ஜாஸில் தொடுகை மென்மையாக இருக்கும், 'டூ டூ' என்று ஆங்கிலத்தில் சொல்வது போல. ஒரு நீண்ட நோட்டைப் பிடித்து, காற்றை நிறுத்தாமல், அதன் மேல் நாக்கால் லேசாகத் தொட்டுத் தொட்டு எடுங்கள். குழாய்த் தண்ணீருக்குக் குறுக்கே விரலை ஆட்டினால் தண்ணீர் நிற்பதில்லை அல்லவா, அப்படி.

விரல் வேகத்தையும் இதே மென்மையில் பழகலாம். கார்னெட் (டிரம்பெட்டின் உறவான ஊதுகருவி) கலைஞர் ஹெர்பர்ட் கிளார்க் 1912-ல் வெளியிட்ட பயிற்சிகள் இன்றும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றை மிக மென்மையான ஒலியில் வாசிக்க வேண்டும் என்பதுதான் அவர் வைத்த நிபந்தனை.

படி 6: ஸ்விங்

ஒரு அடிக்கு இரண்டு நோட்டு வரும்போது ஜாஸில் இரண்டும் சம நீளம் இல்லை. இதுதான் ஸ்விங். திஸ்ர நடை தெரிந்தால் எளிது: 'தகிட'வில் 'தகி' அளவுக்கு முதல் நோட்டு, 'ட' அளவுக்கு இரண்டாவது. வேகம் கூடக்கூட இந்த வித்தியாசம் குறைந்து, ஏறக்குறைய சமமாகிவிடும். மெட்ரோனோமை 2, 4-ஆம் அடிகளில் மட்டும் ஒலிக்குமாறு வைத்துக்கொள்ளுங்கள். குறுகிய நோட்டை நாக்கால் தொட்டு, அதை அடுத்த அடியின் நீண்ட நோட்டோடு நாக்கு படாமல் இணையுங்கள். ஒரு ஸ்கேல் முழுக்க இப்படியே ஏறி இறங்குங்கள். இது எவ்வளவு அழகாகக் கேட்கும் என்று தெரிய டிரம்பெட் கலைஞர் கிளிஃபோர்ட் பிரவுனைக் கேளுங்கள். 1956-ல் கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு 25 வயதுதான். எவ்வளவு வேகத்திலும் ஒவ்வொரு நோட்டும் உருண்டையாக, முழுசாக வரும்.

படி 7: ஒருவரை அப்படியே பின்பற்றுவது

நான் சொல்வது மைல்ஸ் டேவிஸ் 1959-ல் பதிவு செய்த 'சோ வாட்' பாட்டில் வரும் டிரம்பெட் சோலோ (தனி வாசிப்பு). வேகம் மிதமானது, நோட்டுகள் குறைவு, அவற்றுக்கு நடுவே மௌனம் நிறைய. முதல் 8 பாரை மட்டும் எடுங்கள். நோட்டு எழுதிய தாளைத் தேடாதீர்கள். ஒரு வாரம் வெறுமனே கேளுங்கள். அடுத்த வாரம் அவரோடு சேர்ந்து பாடுங்கள், மூச்சு விடும் இடம் உட்பட. மூன்றாம் வாரம் டிரம்பெட்டில் தேடிப் பிடியுங்கள். பிடித்ததும் போனில் பதிவு செய்து, அவருடையதை ஒருமுறை, உங்களுடையதை ஒருமுறை என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். நோட்டுகள் ஒத்துப் போயிருக்கும், நோட்டு முடியும் விதம்தான் வேறாக இருக்கும். அந்த முடிவுகளை மட்டும் தனியே எடுத்துப் பழகுங்கள். அது ஒட்டி வந்ததும் அடுத்த 8 பாருக்குப் போகலாம்.