எல்லைப்புற வார்டில் இளைஞர் அரசியல் மன்றம்: தொடங்குவதும் நிலைக்க வைப்பதும்

கேரளத்தின் தமிழக எல்லையோரமான மூணாறு, வண்டிப்பெரியாறு, மறையூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் நம் தமிழ்ப் பிள்ளைகள் சேர்ந்து ஆரம்பிக்கும் மன்றங்கள் பல, திறப்பு விழாவோடு முடிந்துபோகின்றன. பேனர் கட்டி, தலைவர் ஒருவரை அழைத்து மாலை போட்டதும் உற்சாகம் வடிந்துவிடுகிறது. மறுநாள் என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. அதனால் வேலையை முதலில் பிடியுங்கள், விழா பிறகு நடக்கட்டும். கையில் எடுக்க வேண்டிய முதல் வேலை வார்டின் கிராம சபை.

எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், கிராம சபை என்றால் ஊராட்சி முழுவதற்கும் ஒன்று. கேரளத்தில் அப்படியில்லை. 1994-ஆம் ஆண்டு பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி ஒவ்வொரு வார்டுக்கும் தனித்தனிக் கிராம சபை உண்டு. கூட்ட வேண்டியவர் வார்டு மெம்பர். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட்ட வேண்டும், வாக்காளரில் 10 சதவீதம் பேர் வந்தால்தான் கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை). போடியிலும் கம்பத்திலும் உள்ள சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டு தமிழ்நாட்டுக் கிராம சபை நாட்களான ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று காத்திருப்பவர்கள் இங்கே நடந்த கூட்டத்தைத் தவறவிடுகிறார்கள். இன்னொரு வழியும் சட்டத்தில் இருக்கிறது: வாக்காளரில் 10 சதவீதம் பேர் கையெழுத்திட்டு, பேச வேண்டிய பொருளையும் எழுதிக் கொடுத்தால் மெம்பர் சிறப்புக் கூட்டம் கூட்டியே ஆக வேண்டும். இரண்டு வழக்கமான கூட்டங்களுக்கு நடுவே ஒருமுறைதான் இப்படிக் கேட்கலாம். வார்டில் 1,200 வாக்காளர் என்றால் 120 கையெழுத்து. மன்றத்தின் முதல் இலக்காக இந்த 120-ஐ வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்கும்போதுதான் எந்த வீட்டில் என்ன குறை, யார் பேசுவார்கள், யார் உழைப்பார்கள் என்பதெல்லாம் தெரியவரும்.

தொடக்கத்தில் 9 பேர் போதும். ஒரே லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) நண்பர்கள் ஒன்பது பேராக அது இருக்கக்கூடாது. குறைந்தது மூன்று லயங்களிலிருந்து ஆள் வேண்டும். பெண்கள் 4 பேராவது வேண்டும். ஆண்கள் மட்டும் இருக்கும் மன்றத்தில் கழிப்பறை, பிள்ளைக்காப்பகம், கொளுந்து எடை பற்றிய புகார்கள் காதுக்கு வந்து சேராது. மலையாளம் சரளமாக எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் கட்டாயம். பஞ்சாயத்து நோட்டீஸ் மலையாளத்தில் ஒட்டியிருக்கும், தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் தேதியை மட்டும் பார்த்துவிட்டுப் பொருளை விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து, கட்சி. தோட்டத்தில் அப்பா எந்த யூனியனோ அதுவே அந்த வீட்டின் அரசியலாக இருப்பது வழக்கம். அதை மாற்ற முயலாதீர்கள். உறுப்பினர் எந்தக் கட்சியிலும் எந்த யூனியனிலும் இருக்கலாம். ஆனால் கட்சியிலோ யூனியனிலோ பொறுப்பு வகிப்பவர் மன்றத்தின் தலைவராகவோ செயலாளராகவோ பொருளாளராகவோ இருக்கக்கூடாது என்று முதல் பக்கத்திலேயே எழுதி 9 பேரும் கையெழுத்திடுங்கள். இந்த ஒரு வரி இல்லாத மன்றம் அடுத்த தேர்தலில் இரண்டாக உடையும். கூட்டத்தைத் திரட்டுவது வேறு, அமைப்பாகக் கட்டி வைப்பது வேறு. 2015 செப்டம்பரில் மூணாறு தோட்டப் பெண்கள் எந்த யூனியன் தலைமையும் இல்லாமல் தெருவில் உட்கார்ந்து 20 சதவீத போனஸ் வாங்கினார்கள். இந்த மலை கண்ட பெரிய வெற்றிகளில் அது ஒன்று. அதன் பிறகு அவர்களுக்குள் பிளவு வந்தது. வெற்றி வருவதற்கு முன்பே விதிமுறை எழுதி வைக்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

கூட்டத்தை ஞாயிறு மாலை 3 மணிக்கு வையுங்கள், ஒன்றரை மணி நேரத்தில் முடியுங்கள். காலையில் வைத்தால் சர்ச், கோயில், சந்தை, துணி துவைப்பு என்று பெண்கள் வர முடியாது. கட்சி ஆபீஸிலோ ஒருவர் வீட்டிலோ வேண்டாம். வாசகசாலை இருந்தால் நல்லது. தோட்டத்துக் கட்டடம் என்றால் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். மினிட்ஸ் புத்தகத்தில் பேச்சை எழுத வேண்டாம், முடிவை எழுதுங்கள். இப்படி:

“தீர்மானம் 3: மேல் லயத்துக் குடிநீர் பற்றிய மனுவை எழுதுபவர் செல்வி. கையெழுத்து வாங்குபவர்கள் ராஜன், மேரி. 14-ஆம் தேதிக்குள் பஞ்சாயத்தில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும்.”

ஆள், வேலை, தேதி மூன்றும் இருந்தால் அடுத்த கூட்டத்தில் கேள்வி கேட்க முடியும். இதில் ஒன்று இல்லாவிட்டால் அந்தத் தீர்மானம் நடக்காது.

மனு எழுதுவதில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். “எங்கள் பகுதிக்கு சாலை வசதி செய்து தர வேண்டும்” என்று எழுதினால் “பரிசீலிக்கப்படும்” என்றுதான் பதில் வரும். எந்த லயத்திலிருந்து எந்த இடம் வரை, எத்தனை மீட்டர், எத்தனை வீடு, பாதை யாருடைய நிலத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள். கடைசிக் கேள்வி மிக முக்கியம். பாதை பஞ்சாயத்தின் ஆஸ்திப் (சொத்து) பதிவேட்டில் இல்லாமல் தோட்டத்து நிலத்தில் இருந்தால் மெம்பர் நினைத்தாலும் பணம் ஒதுக்குவது சிக்கல். லயத்துக் கூரையும் கழிப்பறையும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. அந்தப் புகார் தொழிலாளர் துறையின் தோட்ட ஆய்வாளருக்குப் போக வேண்டும். பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று காட்ட மறுத்தால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

மனுவைத் தமிழிலேயே கொடுக்கலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தருகிறது. மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் குறைதீர்ப்பு மனு கொடுக்க இடம் தரும் அரசியல் சாசனத்தின் 350-ஆவது பிரிவும் துணைக்கு இருக்கிறது. இந்த உரிமையைப் பயன்படுத்தாமல் விட்டால் அது காகிதத்தோடு நின்றுவிடும், ஆகவே தமிழ் மனுவைக் கைவிடாதீர்கள். கூடவே ஒரு பக்க மலையாளச் சுருக்கத்தையும் இணையுங்கள். மொழிபெயர்க்க ஆளில்லை என்று கோப்பைத் தூங்க வைக்க அப்போது வழியிருக்காது.

வாக்காளர் பட்டியல் இரண்டு உண்டு. சட்டமன்றப் பட்டியல் வேறு, மாநிலத் தேர்தல் ஆணையம் தயாரிக்கும் பஞ்சாயத்துப் பட்டியல் வேறு. ஒன்றில் பெயர் இருக்கிறது என்று நம்பி இன்னொன்றில் விட்டுப்போனவர்கள் ஏராளம். 18 வயதானவர்களுக்கு இரண்டையும் சரிபாருங்கள். எல்லைப்புறத்துக்கே உரிய தொல்லை, இங்கே ஒரு பெயர், தேனி மாவட்டத்துச் சொந்த ஊரில் ஒரு பெயர். இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பது சட்டவிரோதம். பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை. இதைச் சாக்கிட்டு நம் மக்களின் உண்மையான பெயர்களையும் நீக்கச் சொல்லி மனு போடுவார்கள். எங்கே வசிக்கிறார்களோ அங்கே மட்டும் வைத்துக்கொள்ளும்படி முன்கூட்டியே வீடு வீடாகச் சொல்லுங்கள்.

பணம்: மாதச் சந்தா 20 ரூபாய், கார்பன் வைத்த ரசீது புத்தகம், மூவரில் இருவர் கையெழுத்திட்டால் எடுக்கும் வங்கிக் கணக்கு. வரவு செலவை மாதந்தோறும் கூட்டத்தில் வாசியுங்கள். வளைகுடாவில் வேலை செய்யும் இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவரின் பணத்தைத் தொடாதீர்கள். நிலத்தகராறு உள்ளவர்கள், ஒப்பந்தக்காரர்கள் தரும் பணமும் வேண்டாம்.

பதிவுக்கு அவசரமில்லை, ஆறு மாதம் வேலை நடக்கட்டும். பழைய திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதியான இடுக்கியிலும் சித்தூரிலும் 1955-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் ஏழு பேர் சேர்ந்து பதியலாம். பாலக்காட்டின் மலபார்ப் பகுதிக்கு 1860-ஆம் ஆண்டுச் சட்டம். வேறொரு சங்கத்தின் பைலாவை (விதிமுறையை) அப்படியே நகலெடுக்காதீர்கள். மூன்றில் இரண்டு பங்கு கோரம் என்று அதில் இருந்தால் உங்கள் பொதுக்குழு சட்டப்படி கூடவே முடியாது. மூன்றில் ஒரு பங்கு போதும்.

மன்றங்களைக் கொல்வது பெரும்பாலும் சண்டை இல்லை, கோயம்புத்தூர், திருப்பூர், எர்ணாகுளம் பஸ்தான். செயலாளருக்கு வேலை கிடைத்துப் போனால் புத்தகங்களும் அவர் வீட்டுப் பெட்டியில் பூட்டிக்கிடக்கும். அதனால் ஒவ்வொரு பொறுப்புக்கும் துணைப் பொறுப்பாளர் வேண்டும், இருவரில் ஒருவராவது ஊரிலேயே இருப்பவராக இருக்கட்டும். செயலாளர் பதவி இரண்டு ஆண்டுக்குமேல் ஒருவரிடம் வேண்டாம். பக்கத்து வார்டுக்குப் போய்க் கிளை திறக்காதீர்கள். அங்கிருந்து இரண்டு பேர் மூன்று கூட்டம் வந்து பார்க்கட்டும், பிறகு அவர்களே தங்கள் வார்டில் கையெழுத்து வாங்கத் தொடங்கட்டும்.

நன்றாக நடக்கும் மன்றத்திலிருந்து ஒருவர் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க விரும்புவார். விரும்பட்டும், 21 வயது நிறைந்திருந்தால் நிற்கலாம். வேட்புமனுவுக்கு முன்பே அவர் மன்றப் பொறுப்பை விட்டு விலகி, கணக்கையும் புத்தகங்களையும் கூட்டத்தில் வைத்து ஒப்படைக்க வேண்டும். மன்றத்தின் பெயரும் கையெழுத்துப் பட்டியலும் அவருடைய பிரசாரத்துக்குப் போகக்கூடாது. அவர் ஜெயித்தால் அடுத்த கிராம சபையில் மற்ற மெம்பரிடம் கேட்கும் அதே கேள்விகளை அவரிடமும் கேளுங்கள்.