பொங்கலில் கிடந்த கல்: சொற்புதிர்களைக் கூடி அவிழ்ப்பது எப்படி?

“பொங்கலில் அகப்பட்ட கல்லை எறிந்துவிட்டுக் கோலை ஊன்றினால் வடகிழக்கு நகரம் (4).”

படித்தவுடன் பானையும் கரும்பும் கண்முன் வந்து நின்றால், புதிர் போட்டவர் விரித்த வலையில் கால் வைத்துவிட்டீர்கள் என்று பொருள். இதை அவிழ்க்கச் சமையல் தெரிய வேண்டாம், பெரும்புலமையும் வேண்டாம். வாக்கியத்தை எங்கே வெட்டுவது என்று தெரிந்தால் போதும். தனியாக உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்வதைவிட நான்கு பேர் கூடி அவிழ்ப்பதுதான் புதிதாகத் தொடங்குவோருக்கு நல்லது என்பது என் கட்சி. ஆகவே, வெட்டும் முறையோடு கூடி ஆடும் முறையையும் சேர்த்தே சொல்கிறேன்.

சாதாரணக் குறுக்கெழுத்தில் ‘யானையின் வேறு பெயர்’ என்று கேட்பார்கள். தெரிந்தால் எழுதலாம், தெரியாவிட்டால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். மேலே கண்டதுபோன்ற மறைகுறிப்பில் விடைக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நேர்ப்பொருள், மற்றொன்று எழுத்து விளையாட்டு. இரண்டும் ஒரே சொல்லில் வந்து முட்ட வேண்டும். முட்டினால் விடை சரி. யாரிடமும் கேட்டு உறுதிசெய்ய வேண்டியதில்லை. ஆர்தர் வின் என்பவர் 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வோர்ல்ட்’ நாளிதழில் முதல் குறுக்கெழுத்தை வெளியிட்டார். அதை இப்படி முறுக்கிவிட்டது 1920களின் பிரிட்டன். நம்மவர்கள் இதே விளையாட்டைச் செய்யுளில் எப்போதோ ஆடிவிட்டார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் படி: எழுத்தை எண்ணுங்கள்

அடைப்புக்குள் இருக்கும் எண், விடையில் எத்தனை எழுத்து என்று சொல்கிறது. தமிழில் உயிர், மெய், உயிர்மெய் எதுவானாலும் ஓர் எழுத்து. புள்ளி வைத்த எழுத்தும் ஒன்றுதான். சிங்கப்பூர்: சி, ங், க, ப், பூ, ர். ஆறு எழுத்து. இதைக் கணினியின் எண்ணிக்கையிடம் விட்டால் யுனிகோடு கணக்குப்படி 11 என்று சொல்லக்கூடும். கொம்பையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. விரல்விட்டு எண்ணுவதே மேல்.

இரண்டாம் படி: வெட்டுங்கள்

இதுதான் உயிர்நாடி. நேர்ப்பொருள் எப்போதும் வாக்கியத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ இருக்கும், நடுவில் இராது. ஆகவே இரண்டு ஓரங்களையும் மாறி மாறிப் பிடித்துப் பாருங்கள். மேலே உள்ள புதிரில் ‘பொங்கல்’ என்பது பொருளாக இருக்கலாம், அல்லது ‘வடகிழக்கு நகரம்’ பொருளாக இருக்கலாம். ஓர் ஓரத்தைப் பொருள் என்று வைத்துக்கொண்டால் மீதி முழுவதும் எழுத்து விளையாட்டு. ஒரு சொல்கூட அலங்காரத்துக்கு நிற்கக் கூடாது.

சில புதிர்களில் இரண்டு பக்கமுமே நேர்ப்பொருளாக இருக்கும். ‘சிராங்கூன் சாலைக் கண்ணாடிப் பேழையில் சிரிப்பு (2)’. சிங்கப்பூரின் தேக்காப் பக்கம் கடைகளில் கண்ணாடிக்குள் மின்னுவது என்ன? சிரிப்புக்கு வேறு சொல் என்ன? இரண்டுக்கும் ‘நகை’. காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டில் பாடிய சிலேடையின் குட்டித் தம்பி இது. தமிழில் பல பொருள் ஒரு சொல் ஏராளம் என்பதால், புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த வகையில் இறங்குவதே எளிது.

மூன்றாம் படி: சைகைச் சொற்களைப் பிடியுங்கள்

எழுத்துகளை என்ன செய்யவேண்டும் என்று ஒரு சொல் கண்ணடித்துக் காட்டும். ஒளிந்து, உள்ளே, இடையில் என்று வந்தால் விடை அந்த வாக்கியத்திலேயே தொடர்ச்சியாக ஒளிந்திருக்கிறது. ‘அம்மா தவித்துக்கொண்டிருக்க, இடையில் ஒளிந்தாள் புகார் நகரத்து ஆடலழகி (3)’. சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை மறந்துவிட்டுப் படியுங்கள்: அம்மாதவித்து. மாதவி அங்கேயே நிற்கிறாள். ‘சிங்கப்பூரில் பனி விழுமா?’ என்று யாராவது கேட்டால், தெம்பனிஸுக்குள் விழுகிறது என்று சொல்லலாம். ஆனால் ஊர்ப்பெயரைத் தெம்பினிஸ் என்று எழுதுகிறவர்களும் உண்டு. அவர்கள் கையில் பனி உருகிவிடும். உள்ளூர்ப் பெயர்களைப் புதிரில் வைப்பதானால் எந்த எழுத்துக்கூட்டல் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் புதிரைவிடப் பெரிய வழக்கு நடக்கும்.

தலை, இடை, வால் என்று உடலுறுப்பு வந்தால் காது கொடுங்கள். எனக்கு மிகவும் பிடித்த வகை இது. தமிழில் விலங்குகளை அறுக்க அறுக்க வேறு சொற்கள் வந்துகொண்டே இருக்கும். ‘தலை போன குதிரை மேடையில் தொங்கும் (2)’: கு போனால் திரை. ‘இடை இழந்த கரடி பல்லால் செய்வது (2)’: ர போனால் கடி. ‘தலை போன முதலைக்கு மிஞ்சியது சிரம் (2)’: மு போனால் மிஞ்சுவது தலை! தலையை வெட்டியும் தலை மிஞ்சுகிற விலங்கு வேறு மொழியில் உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

‘குழம்பி’, ‘கலைந்து’, ‘சிதறி’ என்றால் எழுத்துகளை இடம் மாற்ற வேண்டும். ‘நகரம் குழம்பிப்போனால் பாவிகள் குடியேறும் இடம் (4)’. ந, க, ர, ம் நான்கையும் ஒரு தாளில் வட்டமாக எழுதிப் பாருங்கள். வரிசையாக எழுதினால் பழைய சொல்லே கண்ணை மறைக்கும். நரகம் வந்துவிடும். ஆங்கிலத்தைப்போல் இந்த வகை தமிழில் மலிந்து கிடக்காது. உயிர்மெய்யை உடைக்காமல் புரட்டிப்போடக்கூடிய சொற்கள் குறைவு. சிலர் ‘கா’ என்பதைக் க், ஆ என்று பிரிக்கவும் அனுமதிப்பார்கள். அது கறிக்கடை வேலை என்பது என் எண்ணம். எங்கள் மேசையில் அதற்குத் தடை.

‘திரும்பி’ என்றால் பின்னிருந்து படியுங்கள். ‘சிவனை விளி, திரும்பு, படி (2)’. சிவா, வாசி. முடிந்தது.

கடைசியாக, ஒட்டுவேலை. சின்னச் சின்னச் சொற்களை ஒன்றோடொன்று சேர்த்து விடையைக் கட்டுவது. ‘அரசனும் ஊரும் சேர்ந்தால் கோயில் வாசலில் உயரும் (4)’: கோ, புரம், கோபுரம். இந்தக் கட்டடத்துக்கு நல்ல செங்கல் ஓரெழுத்துச் சொற்கள். நன்னூல் 42 சொற்களைக் கணக்கிட்டுச் சொல்கிறது. ஆ என்றால் பசு, கா என்றால் சோலை, நா என்றால் நாக்கு, பா என்றால் பாட்டு, கோ என்றால் அரசன். ஒரு பத்துச் சொற்களை மனத்தில் வைத்துக்கொண்டாலே கை ஓடும். ‘வாலறுந்த ஆடு பசுவாகிவிடும்’ என்பதுகூட அப்போது புரிந்துவிடும்.

செய்யுளில் ஆடியதாகச் சொன்னேனே, அதற்கு வருவோம். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்லும் சித்திரகவிகளில் வினாவுத்தரம் என்று ஒன்று உண்டு. அதற்குக் காட்டப்படும் பாட்டு வரிசையாகக் கேள்வி கேட்கிறது. பூமகள் யார்? திரு. போகிறவனை அனுப்பிவைப்பவன் என்ன சொல்வான்? ஏகு. சரத்துக்குப் பெயர்? அம்பு. அழகுக்கு? அம். பிறைசூடிய பெருமான் விரும்பி உறையும் இடம்? எல்லாவற்றையும் சேருங்கள்: திருவேகம்பம். இன்றைக்கு நாம் ஒட்டுவேலை என்று சொல்வதன் இலக்கணம் அத்தனையும் இதில் இருக்கிறது. ஒரே வேறுபாடு, அவர்கள் புணர்ச்சி விதிப்படி ஒட்டினார்கள். நடுவில் வகர உடம்படுமெய் தோன்றும், குற்றியலுகரம் கெடும். கட்டத்தில் எழுத்தை எண்ணி நிரப்புகிற நாம் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறோம். பழக்கம் வந்தபின் புணர்ச்சியோடும் முயன்று பாருங்கள்.

நான்காம் படி: கூட்டம் சேருங்கள்

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசைகள் இருக்கின்றன. ஞாயிறு மாலையில் அங்கே கூடுகிறோம். என் அத்தை, உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் அவருடைய பேத்தி, தஞ்சாவூரிலிருந்து வேலைக்கு வந்த நண்பர், நான். அத்தைக்குப் பழைய சொற்களும் சமையலறைச் சொற்களும் அத்துபடி. பேத்திக்கு ரயில் வரைபடம் மனப்பாடம். தஞ்சாவூர்க்காரர் சொல்லை எழுத்தெழுத்தாகப் பார்க்கிறவர். ஒரே மாதிரிப் படித்த நான்கு பேர் கூடுவதைவிட இப்படி ஆளுக்கொரு திசையில் இருப்பதுதான் பலம்.

பொங்கல் புதிர் எங்கள் மேசைக்கு வந்தபோது அத்தை முதலில் கேட்டது, “அரிசியை ஒழுங்காகக் களைந்திருந்தால் கல் ஏன் வருகிறது?” என்பதுதான். கதைக்குள் போய்விட்டார். பேத்தி மறு ஓரத்தைப் பிடித்தாள். “வடகிழக்கு நகரம் என்றால் செங்காங், பாட்டி. செ, ங், கா, ங். நான்கு எழுத்து!”

“ஹவ்காங்கும் நான்குதானே, அம்மா,” என்றார் அத்தை.

இரண்டுமே சிங்கப்பூரின் வடகிழக்கு, இரண்டுமே நான்கு எழுத்து. பலர் இந்த இடத்தில்தான் பேனாவை எடுத்துக் கட்டத்தை நிரப்பிவிடுவார்கள். “அப்படியானால் கல் எதற்கு, கோல் எதற்கு?” என்று கேட்டார் தஞ்சாவூர்க்காரர். நல்ல கேள்வி. செங்காங் சரியென்றால் மீதிச் சொற்களெல்லாம் வேலையில்லாமல் நிற்கின்றன. பேத்தி தாளில் பொ, ங், க, ல் என்று எழுதினாள். கடைசி இரண்டு எழுத்தைப் பார்த்தாள். கல்! அதை அடித்துவிட்டால் மிச்சம் பொங். அதன் பக்கத்தில் கோலை ஊன்றினாள். “பொங்கோல்!” என்று மூவரும் சேர்ந்து கத்தியதில், பக்கத்து மேசையில் சீனச் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மீண்டும் ஆட்டத்தில் மூழ்கினார்.

கூடி ஆடுவதற்குச் சில விதிகள் வேண்டும். விடை தெரிந்தவர் விடையைச் சொல்லக் கூடாது. இது முதல் விதி, மீறுகிறவர் அன்றைக்குத் தே தாரே (இழுத்து ஆற்றிய தேநீர்) வாங்கித் தரவேண்டும். மற்றவர்கள் கேட்டால் மட்டும் அவர் உதவலாம், அதுவும் படிப்படியாக. முதலில், வெட்டு எங்கே விழுகிறது என்று காட்டலாம். போதவில்லையென்றால் எது சைகைச் சொல் என்று சொல்லலாம். அதற்கும் அசையாவிட்டால் ஓர் எழுத்தைக் கொடுக்கலாம். முதல் எழுத்தைக் கொடுக்காமல் நடு எழுத்தைக் கொடுங்கள், அதுதான் ஆட்டத்தைக் கெடுக்காது. வாட்ஸ்அப் குழுவில் ஆடினால் இந்த ஒழுங்கு இன்னும் முக்கியம். யாரோ ஒருவர் பஸ்ஸில் போகிறபோது விடையைத் தட்டிவிடுவார், மற்றவர்களுக்கு அன்றைய பொழுது போயிற்று.

இன்னொன்று, நினைப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். தவறான வெட்டாக இருந்தாலும் சொல்லுங்கள். பேத்தி செங்காங் என்று சொல்லியிருக்காவிட்டால், கல்லும் கோலும் எதற்கு என்ற கேள்வி பிறந்திருக்காது. மேசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்து கடைசியில் “எனக்கு அப்போதே தெரியும்” என்பவரை அடுத்த வாரம் அழைக்காதீர்கள்.

அகராதி பார்க்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாகப் பார்க்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. இப்போது இணையத்தில் இலவசமாகத் தேடலாம். ஒரு சொல்லுக்கு நாம் கேள்விப்படாத பொருள் எட்டாவதாக, ஒன்பதாவதாக உட்கார்ந்திருக்கும். புதிர் போடுகிறவர்கள் அங்கிருந்துதான் திருடுகிறார்கள். ஆனால் முதலில் வெட்டிவிட்டுப் பிறகு அகராதியைத் திறங்கள். வெட்டாமல் திறந்தால் மணிக்கணக்கில் அங்கேயே மேய்ந்துகொண்டிருக்க நேரிடும். எனக்கு அது பிடிக்கும், மேசையில் இருப்பவர்களுக்குப் பிடிக்காது.

கையோடு முயன்று பார்க்க மூன்று

‘கழுத்தில் விழும் பொழுது (2)’. இதில் சைகைச் சொல்லே இல்லை. ஆகவே எந்த வகை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

‘கவியின் கடைசியோடு தேர் சேர்ந்தால் நோன்பு (4)’. தேருக்கு இன்னொரு சொல் தேடுங்கள்.

‘தேநீரில் நீர் வற்றியதும் தலையிழந்த அக்காவைக் கண்ட சந்தை (3)’. இதில் இரண்டு அறுவை நடக்கிறது. சந்தை எதுவென்று சிங்கப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அக்காவும் தேநீரும் கணக்கில் வருகிறவரை எழுதாதீர்கள்.

விடைகளைத் திருப்பி எழுதிவைக்கிறேன், கண் தவறிப் பட்டாலும் உடனே புரியாமல் இருக்க: லைமா, ம்தரவி, காக்தே.