சுவர்ப் பாசியைக் கழுவும்போது நாம் செய்கிற கூத்துகள்

மார்கழி முடியும்போது கடலூர், புதுச்சேரிப் பக்கம் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் வீடுகளின் வடக்குச் சுவர் ஒரே மாதிரிதான் இருக்கும்: சன்ஷேடுக்குக் கீழே கருப்புக் கோடு, கைப்பிடிச் சுவரில் பச்சை. வடகிழக்கு மழை நேராக அடிக்கிற பக்கம் அது, அந்த மாதங்களில் வெயிலும் அங்கே எட்டிப் பார்க்காது. பொங்கலுக்குள் வெளுத்தாக வேண்டும் என்ற அவசரத்தில்தான் எல்லாத் தப்பும் நடக்கிறது.

அது அழுக்கு இல்லை, உயிருள்ள பாசியும் பூஞ்சையும். ஹைப்போவை, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் என்கிற ப்ளீச் திரவத்தை, ஒரு துளி அதன் மேல் வையுங்கள், சில நிமிஷத்தில் வெளுத்தால் பாசிதான். சுரண்டினால் மறுபடி முளைக்கும், மருந்தடித்துச் சாகடித்துவிட்டுக் கழுவ வேண்டும். சாஃப்ட் வாஷ் என்பது அவ்வளவுதான்: நீர்த்த ஹைப்போ, கொஞ்சம் சோப்பு, மெதுவான ஸ்ப்ரே, பத்துப் பதினைந்து நிமிஷம் பொறுமை, அப்புறம் நல்ல தண்ணீர்.

முதல் தப்பு ஆசிட். பாத்ரூம் ஆசிட்டைச் சுவரில் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு பளிச்சென்று ஆகும், பார்க்க ஆனந்தமாக இருக்கும். நுரைப்பது பாசி இல்லை, சிமெண்டும் சுண்ணாம்பும் கரைகிறது. மேல்பூச்சு சொரசொரப்பாகி, அடுத்த மழையில் பாசி இன்னும் சௌகரியமாகக் குடியேறும். எங்கள் காம்பவுண்டுச் சுவரில் இதைச் செய்துவிட்டு இரண்டு வருஷம் அனுபவித்தேன்.

அதைவிட மோசம், ஆசிட் சரியாகப் போகவில்லையே என்று அதன் மேலேயே ப்ளீச் அடிப்பது. வேலைக்கு வந்த ஒருவர் இரண்டு வீட்டுக்கு நடுவே இருக்கிற சந்தில் இதைச் செய்து, இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தார், கண்ணெல்லாம் சிவந்து, அரைமணி நேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். வந்தது குளோரின் வாயு. அது காற்றைவிடக் கனம், சந்து மாதிரி இடத்தில் தரையோடு தேங்கி நிற்கும். அமோனியா உள்ள கிளீனரோடும் ப்ளீச் சேரக் கூடாது. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கு மருந்தடிக்கிற டேங்கை இரவல் வாங்கி அதிலேயே ஹைப்போ ஊற்றுகிறவர்களும் உண்டு. உள்ளே என்ன மிச்சம் இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? இதற்கென்று ஒரு பிளாஸ்டிக் ஸ்ப்ரேயரைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு விஷயத்தில் நம் ஆட்களுக்குக் கை தாராளம். சுவருக்குச் சுமார் 1 சதவீதம் போதும், அதாவது 10 சதவீத ஹைப்போ என்றால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர், 5 சதவீதம் என்றால் நாலு பங்கு. ஆனால் வெயிலில் பல மாதம் கிடந்த கேனில் லேபிளில் போட்டிருக்கிற வீரியம் இருக்காது, புதிதாக வாங்கி அந்த வாரமே தீர்த்துவிடுவது நல்லது.

கார் கழுவுகிற பிரஷர் மெஷினைச் சுவரில் பிடிக்காதீர்கள். புதுச்சேரியில் பழைய சுண்ணாம்புப் பூச்சு வீடுகளில் அது பூச்சையே பெயர்த்துவிடும். புது வீடென்றாலும் விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்ப் படுக்கையறையில் ஈரம் காட்டும்.

நேரமும் முக்கியம். உச்சிவெயிலில் அடித்தால் வேலை செய்வதற்குள் மருந்து காய்ந்துவிடும், அதோடு மதியம் கடல் காற்று கிளம்பினால் சாரல் உங்கள் முகத்துக்கும் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்கிற புடவைக்கும் போகும், பிறகு அந்த அக்காவுக்குப் பதில் சொல்ல முடியாது. காலை ஆறு, ஆறரைக்கே ஆரம்பித்துவிடுங்கள். கண்ணாடி, ரப்பர் கையுறை, பழைய சட்டை. சோப்புத் தண்ணீர் ஓடுகிற தரையில் ஏணி நிற்காது, கூடியவரை தரையில் நின்றே நீளக் குழாயால் அடியுங்கள். மீட்டர் பெட்டியை மூடிவிட்டு ஆரம்பியுங்கள், ஈபி ஒயர் பக்கம் ஸ்ப்ரேயே கூடாது.

மருந்தடிப்பதற்கு முன்பே செடிகளை நன்றாக நனைத்துவிடுங்கள், ஏற்கெனவே தண்ணீர் குடித்த மண் மருந்தை அதிகம் இழுக்காது. முடிந்ததும் இன்னொரு முறை அலசுங்கள், ஜன்னல் கம்பியையும் கேட்டையும் சேர்த்து, இல்லாவிட்டால் துரு ஏறும். பலரும் மறப்பது மழைநீர் சேகரிப்புக் குழாயை. அதை அடைத்து, சம்ப் மூடியையும் பார்த்துவிட்டுத்தான் மாடியில் கை வைக்க வேண்டும்.

சுவரின் அடிப்பகுதியில் வெள்ளையாக மாவு மாதிரி பூத்திருந்தால் அது உப்பு, ஹைப்போ அதற்கு ஒன்றும் செய்யாது. உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு ஈரம் எங்கிருந்து ஏறுகிறதென்று தேடுங்கள். எங்கள் வீட்டில் அது தோட்டத்துக் குழாயின் கசிவு, அதைக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு தடவை பெயிண்ட் அடித்திருந்தோம்.