ராத்திரி கால் எரிச்சலுக்கு மாத்திரையும் மூச்சும்

இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய் இருக்கிறவங்களுக்குத் தெரியும், ராத்திரி படுத்தாதான் பாதம் எரிய ஆரம்பிக்கும், போர்வை பட்டாலே தாங்காது. பாசார் மாலாம்ல, ராத்திரி சந்தைல, எவனோ விக்கிற மாத்திரை டப்பாவ வாங்கறதுக்கு முன்னாடி கிளினிக்ல வைட்டமின் பி12 எவ்வளவு இருக்குன்னு ரத்தம் பாக்கணும்னு கேளுங்க, ஏன்னா மெட்ஃபார்மின்ங்கற சர்க்கரை மாத்திரைய வருஷக்கணக்கா சாப்பிட்டா பி12 குறையலாம், அது குறைஞ்சாலும் கால் இப்படித்தான் மதமதன்னு இருக்கும், நாம சர்க்கரைதான் காரணம்னு உக்காந்திருப்போம். சுத்த சைவம்னா கண்டிப்பா கேளுங்க. குறைஞ்சிருந்தா மாத்திரையா ஊசியான்னு டாக்டர் சொல்வாங்க.

அடுத்தது ஆல்ஃபா லிபோயிக் ஆசிட், நரம்பு எரிச்சலுக்குன்னு விக்கிற ஒரு சத்து மாத்திரை. ஆராய்ச்சில பெரும்பாலும் ஒரு நாளைக்கு 600 மில்லிகிராம் குடுத்துப் பாத்திருக்காங்க, சிலருக்கு எரிச்சல் கொஞ்சம் அடங்குது, சிலருக்கு ஒண்ணுமே தெரியல. இது சர்க்கரைய இறக்கலாம், அதனால இன்சுலினோ கிளிக்லசைடுங்கற சர்க்கரை மாத்திரையோ எடுக்கிறவங்க டாக்டர கேக்காம தொடாதீங்க. டப்பால எம்ஏஎல் நம்பர், அதாவது மலேசிய சுகாதார அமைச்சோட பதிவு நம்பர், இருக்கான்னு பாருங்க. நரம்புக்குன்னு விக்கிற பி மாத்திரைல பி6 எவ்வளவுன்னும் பாருங்க, அது அளவுக்கு மீறி ரொம்ப நாள் போனா அதுவே நரம்பக் கெடுக்கும், கேக்க வேடிக்கையா இருக்கும் ஆனா உண்மைதான்.

இந்த லிபோயிக்க வெறும் வயித்துல, பசியாறதுக்கு அரை மணி முன்னாடி போடணும். அந்த அரை மணிதான் நமக்கு வசதி. நான் மாத்திரையப் போட்டுட்டு ஹேண்ட்போன ரூம்ல விட்டுட்டு நாற்காலில உக்காந்துடுவேன், மூச்சு மூக்குல போறது வர்றத மட்டும் பாக்கறது, பத்து நிமிஷம். மனசு ரொட்டி சானாய்க்கு ஓடும், ஓடட்டும், திரும்பக் கூட்டிட்டு வாங்க.

ராத்திரிக்கு பாடி ஸ்கேன். 1979ல ஜான் கபாட்-சின் அமெரிக்கால நாள்பட்ட வலிக்காரங்களுக்கு ஆரம்பிச்ச பயிற்சில இருக்கிறதுதான், உடம்ப ஒவ்வொரு இடமா கவனிச்சுட்டே வர்றது. வழக்கமா கால் விரல்லேர்ந்து ஆரம்பிப்பாங்க, எரியறப்ப அது கஷ்டம், நான் முகத்துலேர்ந்து இறங்கி வருவேன், பாதம் வந்ததும் எரியுது, குத்துது, சூடுன்னு பேர் மட்டும் சொல்லிட்டு மூச்சுக்குத் திரும்பிடுவேன். எரிச்சல் போயிடல, அதோட சண்டை போடறது குறைஞ்சுச்சு, தூக்கம் வருது.

சர்க்கரை கட்டுப்பாட்டுல இல்லன்னா இது எதுவும் பெருசா உதவாது. இன்னொண்ணு, தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெறுங்கால்ல போற ஆசை இருந்தா யோசிங்க, மரத்த காலுக்குத் தார் ரோடு சுடறது தெரியாது, கொப்புளம் வீட்டுக்கு வந்துதான் கண்ணுக்குப் படும்.