மார்பகப் புற்றுநோய்: எந்த அறுவை சிகிச்சை என்று முடிவெடுப்பது எப்படி?

பயாப்சி (திசுச் சோதனை) முடிவு கைக்கு வந்ததும், மறுநாளே அறுவை சிகிச்சையை முடித்துவிட வேண்டும் என்று குடும்பமே பரபரப்பது இயல்புதான். ஆனால் மிக வேகமாகப் பரவும் சில வகைகளைத் தவிர, பெரும்பாலான மார்பகப் புற்றுநோய்களில் ஓரிரு வாரம் நிதானித்து முடிவெடுப்பதால் கெடுதல் வந்துவிடாது. மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்குப் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. கட்டியையும் அதைச் சுற்றிச் சிறிதளவு நல்ல திசுவையும் அகற்றி, மார்பகத்தைக் காப்பாற்றி, பிறகு கதிர்வீச்சு சிகிச்சை கொடுப்பது ஒன்று. மார்பகத்தை முழுவதுமாக அகற்றுவது மற்றொன்று. "மொத்தமா எடுத்துப் போடுங்க, மறுபடியும் வந்துச்சுன்னா என்னங்க பண்றது?" என்று நம் பக்கத்துப் பெண்கள் கேட்பதில் நியாயமான பயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு ஆய்வுகளில் பதிலும் இருக்கிறது. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர், இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்தோ வெரோனேசி ஆகியோர் தலைமையில் 1970-களில் தொடங்கிய இரண்டு ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகள் 2002-இல் வெளியாயின. மார்பகத்தை முழுதாக எடுத்தவர்களும் காப்பாற்றிக்கொண்டவர்களும் ஒரே அளவு காலம்தான் உயிர் வாழ்ந்தார்கள். அதே மார்பில் நோய் திரும்புவது மட்டும், காப்பாற்றியவர்களிடம் சற்றுக் கூடுதலாக இருந்தது. ஃபிஷரின் ஆய்வில் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 14.3 சதவீதம் பேருக்கும், கதிர்வீச்சு பெறாதவர்களில் 39.2 சதவீதம் பேருக்கும் அப்படித் திரும்பியது. ஆகவே "எடுக்கலாமா, வேண்டாமா" என்பதைவிட, "கதிர்வீச்சை என்னால் முழுமையாக முடிக்க முடியுமா" என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் உறுதியான கருத்து.

இந்த இடத்தில் ஊரும் தூரமும் கணக்கில் வந்துவிடுகின்றன. இப்போது பலருக்கு வாரத்தில் 5 நாள் வீதம் 3 வாரம் கதிர்வீச்சு கொடுக்கிறார்கள். சிலருக்குக் கூடுதலாகச் சில நாட்கள் தேவைப்படும். ஒவ்வொரு முறையும் மேசையில் படுத்திருப்பது சில நிமிடங்கள்தான்; வலி இருக்காது. ஆனால் தாராபுரத்திலிருந்தோ சத்தியமங்கலத்துக்கு மேலே உள்ள மலைக் கிராமத்திலிருந்தோ தினமும் கோயம்புத்தூருக்குப் பேருந்தில் போய்த் திரும்புவது உடம்பை உலுக்கிவிடும். சொந்தக்காரர் வீட்டில் தங்க முடியுமா, அந்த வாரங்களில் மாட்டில் பால் கறப்பது யார், தறியை ஓட்டுவது யார் என்று வீட்டில் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். எந்த ஏற்பாடும் செய்ய வழியில்லை என்றால் முழு அகற்றலைத் தேர்ந்தெடுப்பது சரியான முடிவே. ஆனால் கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, அக்குளில் பல நெறிகளுக்கு (நிணநீர் முடிச்சுகளுக்கு) நோய் பரவியிருந்தாலோ, முழுதாக எடுத்த பிறகும் கதிர்வீச்சு தேவைப்படும். கீமோதெரபி வேண்டுமா என்பதும் நோயின் தன்மையைப் பொறுத்ததே. மார்பகத்தை முழுதாக எடுத்ததால் அது தேவையில்லை என்று ஆகிவிடாது.

சிலருக்கு மார்பகத்தைக் காப்பாற்றும் வழி பொருந்தாது: ஒரே மார்பில் தள்ளித் தள்ளிப் பல இடங்களில் நோய் இருப்பவர்கள், மார்பு முழுதும் சிவந்து வீங்கும் அழற்சி வகை உள்ளவர்கள், முன்பே அந்த இடத்தில் கதிர்வீச்சு பெற்றவர்கள், கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் இருப்பவர்கள். குடும்பத்தில் பலருக்கு இந்நோய் இருந்தால் மரபணுச் சோதனை பற்றி அறுவை சிகிச்சைக்கு முன்பே கேளுங்கள். கட்டி பெரிதாகவும் மார்பு சிறிதாகவும் இருந்தால், முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்க முடியுமா என்று கேட்கலாம். அப்படிச் செய்தால் கட்டி இருக்கும் இடத்தில் முன்கூட்டியே ஒரு சிறு உலோகக் கிளிப் வைத்துவிட வேண்டும். கட்டி முழுதும் கரைந்துவிட்டால் எங்கே அறுப்பது என்பதற்கு அதுவே அடையாளம்.

இதற்கெல்லாம் முன்னதாக ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். "சின்னக் கட்டிதான்" என்று பக்கத்து நர்சிங் ஹோமில் வெட்டி எடுத்துவிட்டு, அதன் பிறகு சோதனைக்கு அனுப்புவதற்குச் சம்மதிக்காதீர்கள். ஊசி வழியே சிறு துண்டு எடுக்கும் ட்ரூ-கட் பயாப்சியே போதும். எந்த மருந்து பொருந்தும் என்று காட்டும் ஹார்மோன் ஏற்பிகளையும் ஹெர்-2 புரதத்தையும் அதிலேயே பார்த்துவிடலாம். கண்டபடி வெட்டிய மார்பில் கட்டியின் எல்லை எது என்று தெரியாமல் பிறகு கூடுதலாக அறுக்க நேர்கிறது.

மார்பைப் பற்றிப் பேசும் அவசரத்தில் அக்குளை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஆனால் உழைக்கும் கைக்கு அதுதான் முக்கியம். எல்லா நெறிகளையும் எடுத்தால் கை வீங்கும் வாய்ப்பு அதிகம். தீவனக் கட்டு தூக்குபவருக்கும் பனியன் கம்பெனியில் தைப்பவருக்கும் அது வாழ்நாள் தொந்தரவாகிவிடலாம். அக்குளில் நோய் தென்படாதவர்களுக்கு, நீலச் சாயம் செலுத்தி முதல் சில நெறிகளை மட்டும் எடுத்துப் பார்க்கும் முறை உண்டு. அது உங்கள் மருத்துவமனையில் இருக்கிறதா என்று கேளுங்கள். சாயம் செலுத்திய பின் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போகும், பயப்பட வேண்டாம்.

முழுதாக எடுப்பதாக இருந்தால், வயிற்றுச் சதையாலோ முதுகுத் தசையாலோ சிலிக்கோன் பையாலோ மார்பை மறுபடி அமைக்கும் வாய்ப்பையும், உள்ளாடைக்குள் வைக்கும் செயற்கை மார்பையும் பற்றி விசாரியுங்கள்; கதிர்வீச்சு தேவைப்படும் என்றால் சிலிக்கோன் பை இறுகிப் போகலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் "இந்த வயசுல எதுக்கு" என்று வேறு யாரும் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது நீர் வடியும் குழாய் மாட்டியே அனுப்புவார்கள். தினமும் எத்தனை மில்லி வடிந்தது என்று காலண்டர் தாளில் குறித்து எடுத்துப் போனால், குழாயை எப்போது எடுப்பது என்று மருத்துவர் அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், அறுவை சிகிச்சையோடு கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் அதே மருத்துவமனையில் அனுமதி கிடைக்குமா என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். ஒப்புதல் படிவத்தில் கணவரோ மைத்துனரோ கையெழுத்துப் போடுவதற்கு முன், நோயாளி தானே அதைப் படிக்க வேண்டும், அல்லது படித்துக் காட்டச் சொல்ல வேண்டும்: வலமா இடமா, கட்டி மட்டுமா முழு மார்பா, "தேவைப்பட்டால் முழுதாக அகற்றலாம்" என்ற வரி இருக்கிறதா, இருந்தால் அந்தத் தேவையை எதை வைத்து யார் முடிவு செய்வார் என்று மருத்துவரிடம் நேரில் கேட்டு, பதில் புரிந்த பிறகு கையெழுத்திடலாம்.